ரமலான் மாதத்தில் துபாய் பயணம்: சர்க்கரை மாத்திரை போடுபவர் பகலில் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 58. புது வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு முன் போடுகிறேன். துபாயில் வேலை பார்க்கும் மகள் ஊர் சுற்றிப்பார்க்க டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். அப்படியே மஸ்கட்டுக்கும் போவதாகத் திட்டம். பயணம் ரமலான் மாதத்தில் வருகிறது. பகலில் வெளியே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கோ சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கிவிடும். பேசாமல் நானும் நோன்பு இருந்துவிடலாமா?

மருத்துவர் பதில்: தாராளமாகப் போய்வாருங்கள், அம்மா. நோன்பு மட்டும் வேண்டாம்.

சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. அது வெறும் பசி இல்லாமல், ரத்தத்தில் சர்க்கரை தாழ்வதாகவும் இருக்கலாம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது வேலை செய்யும். அடுத்த முறை நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், பயணத்துக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லி மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மண்ணடி, ராயபுரம் பக்கத்திலிருந்து என்னிடம் வருபவர்களில் சர்க்கரை நோயோடு நோன்பு இருப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் ரமலானுக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே வந்து பரிசோதனை செய்துகொள்கிறார்கள். காலை மாத்திரை நோன்பு திறக்கும் நேரத்துக்கு நகரும். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேரத்து மாத்திரையின் அளவு குறையும். பகலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொள்வார்கள். அதனால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே இறங்கினால் அந்த நிமிடமே நோன்பை முடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இத்தனை ஏற்பாடு தேவைப்படும் ஒன்றை, வெளியூரில் வெயிலில் நடந்துகொண்டே முதல்முறையாகச் செய்துபார்க்காதீர்கள். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டு என்று குர்ஆனே சொல்கிறது. நீங்கள் சாப்பிடுவதை அங்கே யாரும் அவமரியாதையாக நினைக்க மாட்டார்கள். எங்கே சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

அது ஊருக்கு ஊர் மாறும். துபாயில் உணவகங்கள் பகலில் திரை போட்டு மறைக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2021-இல் நீக்கிவிட்டார்கள். மால்களில் உட்கார்ந்து சாப்பிடலாம். பக்கத்திலேயே இருக்கும் ஷார்ஜாவில் அனுமதி வாங்கிய கடைகளில்தான் பகலில் உணவு கிடைக்கும். மஸ்கட் இருக்கும் ஓமனில் கெடுபிடி அதிகம். பொது இடத்தில் சாப்பிட்டால் சிறைத் தண்டனை வரை சட்டம் இருக்கிறது. பெரும்பாலான உணவகங்கள் மாலை வரை திறக்காது. காருக்குள் குடிக்கும் தண்ணீரும் வெளியே தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். மஸ்கட்டில் இருக்கும் நாட்களில் காலைச் சிற்றுண்டியை ஓட்டல் அறையிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பும்படி திட்டமிடுங்கள். மதியச் சாப்பாட்டை முதல் நாளே வாங்கி அறையின் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

காலை மாத்திரையைக் கடிகாரம் பார்த்துப் போடாதீர்கள். தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். இரவுக்கும் இதே கணக்குதான். சூரியன் மறையும் நேரத்தில் அங்கே சாலைகள் நெரியும், டாக்சி கிடைப்பது கஷ்டம். எட்டு மணி மாத்திரையை விழுங்கிவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பாடு என்றால் வழியிலேயே சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடக்கூடும்.

கைப்பையில் குளுக்கோஸ் பொடியோ மூன்று டீஸ்பூன் சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். வியர்த்து, படபடத்து, பேச்சு தடுமாறினால் மறைவிடம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். நின்ற இடத்தில் சர்க்கரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சாக்லேட் உதவாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். உயிர் காக்கும் சர்க்கரையை எந்த ஊரிலும் வெட்கப்பட்டு ஒளித்துவைக்கக் கூடாது. இதை உங்கள் மகளுக்கும் சொல்லிவையுங்கள்.

மாலையில் யாராவது இஃப்தாருக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். நம் பக்கத்துப் பள்ளிவாசல்களில் தூக்குச்சட்டியில் வாங்கிவரும் நோன்புக் கஞ்சி போல அங்கே விருந்து எளிமையாக இருக்காது. பேரீச்சம்பழம், சூப், கறியும் கோதுமையும் குழைய வெந்த ஹரீஸ், பாகில் ஊறிய லுகைமாத் என்று வந்துகொண்டே இருக்கும். பெரிய மெஜூல் பேரீச்சை ஒன்றிலேயே 15 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, ஒன்று போதும். சூப்பும் ஹரீஸும் அளவாகச் சாப்பிடலாம். லுகைமாத்தை விட்டுவிடுங்கள்.

மாத்திரைகளை அட்டையோடு, மருந்துச் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். மூட்டு வலிக்கு டிரமடால், இருமலுக்குக் கோடீன், தூக்கத்துக்கு அல்பிரசோலம் எதுவும் எடுத்துக்கொள்கிறீர்களா? அமீரகத்தில் அவை கட்டுப்பாடுள்ள மருந்துகள், முன்அனுமதி வேண்டும். மகளுக்குக் குருமாப் பொடி அரைத்துக் கொண்டுபோவதாக இருந்தால் கசகசா சேர்க்காதீர்கள். அங்கே கசகசாவுக்குத் தடை இருக்கிறது.