அன்னாசிப்பூ முதல் மாத்திரை வரை: வாசகர் கேள்வி – பதில்

மூலிகைகளிலிருந்து மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி பற்றிச் சென்ற இதழில் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் கோழிக்குழம்புக்கு மசாலா வறுக்கும்போது பட்டை, கிராம்பு, கல்பாசியுடன் அன்னாசிப்பூவும் கட்டாயம் உண்டு. பன்றிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாமிஃப்ளூ இந்தப் பூவிலிருந்துதான் செய்யப்படுகிறது என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் அன்னாசிப்பூக் கஷாயம் குடித்தால் போதாதா? — வாசகி, கானாடுகாத்தான்

தங்கள் மகன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மையிலிருந்து கஷாயத்துக்குப் போக வழியில்லை. அன்னாசிப்பூவில் ஷிகிமிக் அமிலம் என்ற பொருள் மிகுதியாக இருக்கிறது. அந்த அமிலத்தால் காய்ச்சல் வைரஸை எதிர்க்க முடியாது. வைரஸ், தான் பெருகிய செல்லிலிருந்து விடுபட்டு அடுத்த செல்லுக்குப் போவதற்கு நியூராமினிடேஸ் என்னும் நொதியை நம்பியிருக்கிறது. அந்த நொதியின் மேற்பரப்பிலுள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்து, அதை வேலை செய்ய விடாமல் அடைத்துவிடும் மூலக்கூறு ஒன்றை அமெரிக்காவின் கிலியட் நிறுவன வேதியியலாளர்கள் 1990-களில் வடிவமைத்தார்கள். அதுவே ஓசெல்டாமிவிர்; 1996-இல் ரோஷ் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, 1999-இல் டாமிஃப்ளூ என்ற பெயரில் அனுமதி வாங்கியது.

அந்த மூலக்கூற்றைக் கட்டுவதற்கு ஆறு கார்பன் அணுக்களாலான ஒரு வளையம் வேண்டும். வளையத்தில் ஒட்டியிருக்கும் அணுத்தொகுதிகள் ஒரு குறிப்பிட்ட திசையில் திரும்பியிருக்கவும் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அந்தத் திசையைச் சரியாக அமைப்பது கடினமும் செலவு மிக்கதுமான வேலை. அன்னாசிப்பூவின் ஷிகிமிக் அமிலத்தில் அது இயற்கையாகவே அமைந்திருக்கிறது என்பதால்தான் தொழிற்சாலைகள் அந்தப் பூவைத் தேடிப் போயின. அங்கிருந்து ஏறத்தாழ பத்து வேதிப்படிகளைக் கடந்த பிறகே மாத்திரைக்குரிய பொருள் கிடைக்கிறது. அந்தப் படிகளில் எதுவும் நம் அடுப்பில் நடப்பதில்லை. எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் ஷிகிமிக் அமிலம் ஷிகிமிக் அமிலமாகவே இருக்கும். 2005-இல் பறவைக்காய்ச்சல் அச்சத்தில் நாடுகள் டாமிஃப்ளூவை வாங்கிக் குவித்தபோது, தென்சீனாவிலும் வடவியட்நாமிலும் விளையும் அன்னாசிப்பூவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன்பின் மரபணு மாற்றிய ஈ. கோலை பாக்டீரியாவைக் கொண்டு நொதித்தல் முறையில் அதே அமிலத்தைத் தயாரிப்பது பெருகிவிட்டது. ஆகவே தங்கள் மகன் சொல்லும் மாத்திரை பூவையே காணாமல் பிறந்ததாகவும் இருக்கலாம். அந்த மாத்திரையும்கூட, காய்ச்சல் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் எடுத்துக்கொண்டால் நோயை ஏறக்குறைய ஒரு நாள் குறைக்கும் அளவுக்கே பலன் தருகிறது.

கஷாயம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்னாசிப்பூவுக்கு ஜப்பானில் ஒரு நச்சு உறவினர் இருக்கிறது. அதிலுள்ள அனிசாட்டின் என்னும் நச்சுப்பொருள் வலிப்பை உண்டாக்கக்கூடியது. இரண்டு பூக்களும் எட்டிதழ் நட்சத்திரம் போலவே தோன்றும். ஜப்பானிய வகை சற்றுச் சிறியதாகவும் இதழ்முனை கொக்கிபோல் வளைந்தும் இருக்கும் என்றாலும், உடைந்தோ பொடித்தோ வந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய இயலாது. அன்னாசிப்பூத் தேநீர் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வலிப்பு ஏற்பட்டதை அடுத்து 2003-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தத் தேநீருக்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. குழம்புக்கு ஒரு பூப் போடுவதில் கேடில்லை. வயிற்றுப்பொருமலுக்கென்று கைக்குழந்தைக்கு அதைக் காய்ச்சிப் புகட்டும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அப்பத்தா மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் கலந்து கொடுப்பார். ஊரில் பலர் குணமானதை நானே பார்த்திருக்கிறேன். இவ்வளவு காலமாகியும் அதிலிருந்து ஒரு மாத்திரைகூட வராதது ஏன்? — வாசகர், பள்ளத்தூர்

முயன்று பார்க்காமல் இல்லை. தமிழ்நாட்டு மருத்துவ ஆராய்ச்சியில் உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வுகளில் ஒன்று கீழாநெல்லியைப் பற்றியதுதான். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் அதை வெளியிட்டார்கள். உடம்பில் அந்த வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளையாக 30 நாட்கள் கொடுக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு மருந்தற்ற போலிப் பொடி தரப்பட்டது. பின்னர் சோதித்தபோது கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்புற அடையாளம் மறைந்திருந்தது. போலிப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு மறைந்தது. அந்த எண்களைப் படித்த எவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பின்னர் தாய்லாந்து முதலிய இடங்களில் அதே சோதனையைச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. காரணம் இன்றுவரை விவாதத்துக்குரியது. நாம் கீழாநெல்லி என்று பறிப்பது ஒரே இனம் அன்று. தோற்றத்தில் மிக நெருங்கிய சில இனங்கள் அந்தப் பெயரில் அடங்குகின்றன. ஒரே இனத்திலும் மண்ணுக்கும் பருவத்துக்கும் தக்கபடி உட்பொருட்களின் அளவு மாறும். எந்தப் பொருள் வேலை செய்தது என்று பிரித்துக் காட்டப்படாத நிலையில், இரண்டு ஊர்களின் பொடி ஒன்றுதானா என்று சரிபார்க்கவே முடியாது. மருந்தாக்கம் தடைப்பட்டது இந்த இடத்தில்தான். அந்த ஆய்வைக் கட்டுக்கதை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதைக் காட்டிப் பாட்டில் விற்பவர்களோடும் உடன்பாடில்லை.

தங்கள் அப்பத்தாவின் கைராசிக்கு வருவோம். ஊரில் காணும் காமாலையில் பெரும்பகுதி, அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைகளைச் சேர்ந்தது. அது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் பெருமை அதற்கே போய்ச் சேரும். ஆனால் பித்தக்குழாய் அடைப்பினாலும், நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யினாலும் கண் மஞ்சளாகும். இவை மோரில் கரையக்கூடியவை அல்ல என்பதால், இரத்தப் பரிசோதனை செய்யாமல் காத்திருக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி-யைக் கட்டுப்படுத்த டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் இன்று உள்ளன. குழந்தை பிறந்தவுடன் போடும் தடுப்பூசியும் இருக்கிறது.

கேள்வி: ஆடுதின்னாப்பாளை வேரைக் காயவைத்து நாள்தோறும் உட்கொள்ளலாமா? — வாசகர், தேவகோட்டை

கூடாது. அந்தச் செடியின் குடும்பத்துக்கே உரிய அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை மீளாதபடி கெடுக்கும்; சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகக் கொடுக்கப்பட்ட சீன மூலிகைக் கலவையில், ஒரு செடிக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி தவறுதலாகச் சேர்ந்துவிட, பல பெண்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள். தரிசில் தானாக முளைக்கிறது என்பதும் ஆடுகூடத் தின்னாது என்பதும் நமக்குத் தெரிந்த செய்திகள்தாமே.

கேள்வி: காரைக்குடியில் உயிரித்தகவலியல் முதுகலை பயில்கிறேன். நம் மூலிகைப் பொருட்களில் பல, நோய்க்குரிய புரதத்தோடு நன்கு பிணைவதைக் கணினியில் காண்கிறேன். இவற்றை மருந்து என்று அறிவிக்கத் தடையாக இருப்பது எது? — மாணவர், காரைக்குடி

கணினி தரும் பிணைப்பு மதிப்பெண் ஒரு மதிப்பீடுதான். புரதம் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதையும், சுற்றியுள்ள நீரையும், மருந்து குடலைத் தாண்டி இரத்தத்தில் சேருமா என்பதையும் அந்த மதிப்பெண் முழுமையாகக் கணக்கில் கொள்வதில்லை. புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்தபின் புரத வடிவத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பது பெரிய விடுதலைதான். அந்தப் பணிக்கு 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. ஆனால் வடிவம் தெரிவது தொடக்கம் மட்டுமே. 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஹாலிசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியை அடையாளம் கண்டார்கள். அவர்கள் கணினியோடு நின்றுவிடாமல் பாக்டீரியாவிலும் பிறகு எலியிலும் அதைச் சோதித்ததால்தான் அந்தச் செய்திக்கு மதிப்பு வந்தது. அதுவும் இன்னும் மருந்துக்கடையை எட்டவில்லை.

மஞ்சளின் குர்குமின் தங்களைப் போன்ற மாணவர்களுக்குத் தனிப் பாடம். சோதனைக்குழாயில் அது ஏறக்குறைய எந்தப் புரதத்தோடும் வேலை செய்வதாகக் காட்டும். தானே ஒளிர்வதாலும், எளிதில் சிதைவதாலும், கண்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்வதாலும் வரும் பொய்த் தோற்றமே அதில் பெரும்பங்கு என்று 2017-இல் வெளிவந்த மருந்து வேதியியல் ஆய்வுரை எச்சரித்தது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்குப் பின்னும், முறையான மனிதப் பரிசோதனையில் அது எந்த நோய்க்கும் வெற்றியை உறுதிசெய்யவில்லை என்பதையும் அவ்வுரை சுட்டியது. தங்கள் பட்டியலில் முதலிடத்தில் குர்குமின் வந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். அதைச் சோதித்துத் தர ஓர் ஆய்வுக்கூடத்தைத் தேடுங்கள். கிடைக்கும்வரை "மருந்து" என்ற சொல்லை ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

கேள்வி: அப்பச்சிக்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் தருகிறார்கள். மூட்டுவலிக்கு மிளகுச் சத்துச் சேர்த்த மஞ்சள் மாத்திரையும் வாங்கியிருக்கிறோம். இயற்கைதானே, தரலாமா? — வாசகி, புதுவயல்

மருத்துவரிடம் காட்டாமல் தர வேண்டாம். குர்குமின் தனியாக உண்டால் இரத்தத்தில் சேர்வதே அரிது. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதாகப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். இத்தகைய மாத்திரைகளில் பைப்பரின் இடம்பெறுவது அதனால்தான். பைப்பரின் குடலிலும் கல்லீரலிலும் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளை மந்தமாக்குகிறது. இந்தக் குணத்தையே நன்மையாக்கி, ஜம்முவிலுள்ள மத்திய ஆய்வு நிறுவனம் காசநோய்க்கான ரிஃபாம்பிசினை 450 மில்லிகிராமிலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைத்துப் பைப்பரினோடு ஒரே மாத்திரையாக உருவாக்கியது. ஆனால் அளவு பார்த்துச் செய்யாத இடத்தில் அதே குணம் தீங்காகும்: அப்பச்சி உண்ணும் மற்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் ஏறக்கூடும். வார்ஃபரின் போன்ற மருந்தில் சிறு ஏற்றமும் இரத்தக்கசிவில் முடியலாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். குழம்பிலும் ரசத்திலும் சேரும் மஞ்சளும் மிளகும் இந்தக் கணக்கில் வரா.

இயற்கை என்று கேட்டதால் ஒன்று சொல்கிறேன். மெட்ஃபார்மினின் மூதாதையும் ஒரு செடிதான். கலேகா என்னும் ஐரோப்பியச் செடியின் நச்சுத்தன்மையுள்ள பொருளை ஆராய்ந்து, அதன் உறவு மூலக்கூறுகளைச் செய்து பார்த்த வழியில் அது வந்தது.

கேள்வி: நித்தியகல்யாணியில் புற்றுநோய் மருந்து இருப்பதாகச் சொல்கிறார்களே, எங்கள் தோட்டத்துப் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? — வாசகர், காரைக்குடி

வேண்டாம். அதிலுள்ள வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் செல் பிரிவதையே நிறுத்துபவை. மருத்துவமனையில் இவற்றை இரத்தநாளம் வழியாக, உடல் அளவுக்குக் கணக்கிட்டு, இரத்த அணுக்களை எண்ணிக்கொண்டே தருகிறார்கள். இலையில் இவை மிகச் சிறிதளவே உள்ளன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை தேவை. கஷாயத்தில் இறங்குவது புற்றுநோய்க்குப் போதாது, வயிற்றைக் கெடுக்கவும் வேறு தீங்குகள் செய்யவும் போதும்.

கண்டுபிடித்த கதை சுவையானது. 1952-இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு, சர்க்கரை நோய்க்கு அங்குள்ளோர் குடிக்கும் தேநீர் என்று இந்தச் செடியின் சில இலைகள் அனுப்பப்பட்டன. ராபர்ட் நோபிள் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை; எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அவரும் சார்லஸ் பியரும் அதைப் பின்தொடர்ந்து சென்றதில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. 2022-இல் இதன் இரு முன்பொருட்களையும் ஈஸ்ட்டிலேயே உண்டாக்கியிருக்கிறார்கள். முப்பது நொதிப்படிகளை அந்த ஈஸ்ட்டுக்குள் புகுத்த வேண்டியிருந்தது.

கேள்வி: எங்கள் வளவு வீட்டின் இரண்டாங்கட்டில் வைத்தியச் சுவடிகள் ஒரு கட்டு கிடைத்தது. பழம்பொருள் வியாபாரி விலை பேசுகிறார். கொடுத்துவிடலாமா? — வாசகர், கோட்டையூர்

விற்காதீர்கள். 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, அறிவியல் மதிப்புடைய சுவடிகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டத்தை விட்டாலும் ஆராய்ச்சிக் கண்ணோடு பார்க்கையில் அவற்றின் மதிப்பு வேறு. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைக் கண்டு 2015-இல் நோபல் பரிசு பெற்ற சீனாவின் தூ யூயூ, கொதிக்க வைத்த சாற்றில் பலன் நிலைக்காமல் தடுமாறிக்கொண்டிருந்தபோது, 4-ஆம் நூற்றாண்டு மருத்துவ நூலில் ஒரு வரியைப் படித்தார்: ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது அது. காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம்தான் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தபோது மருந்து கிடைத்தது. செடியின் பெயர் மட்டும் எஞ்சி, செய்முறை தொலைந்திருந்தால் அந்த ஊகத்துக்கு இடமே இருந்திருக்காது.

தங்கள் ஊர்க்காரரான ரோஜா முத்தையாவின் சேகரிப்பிலிருந்து 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகமும், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் இத்தகைய வேலையில் பழகியவை. மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, நம் பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டியதால் 1997-இல் நீக்கப்பட்டது; காப்புரிமை அலுவலகங்கள் பார்த்துக்கொள்ளும்படி பழைய மருத்துவ நூல்களின் செய்திகளைத் தொகுக்க 2001-இல் தொடங்கிய மரபு அறிவு மின்னூலகம் அதன் தொடர்ச்சி. நூலகத்துக்குக் கொடுக்குமுன் கயிற்றை அவிழ்க்காமல் ஏடுகளின் வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் ஏட்டின் இரு பக்கங்களையும் படம் எடுங்கள். எழுத்து மங்கியிருக்கிறது என்று கண்ட எண்ணெயையும் தடவ வேண்டாம்.