மறு: கனடாவின் வின்னிபெக் குளிரில் வெளுத்துப்போன விரல் நுனிகள்

நேற்றிரவு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மரத்துப்போன விரல் நுனிகள் காலையிலும் உணர்வின்றி வெளுத்தே இருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் இன்றே, இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கடுமையான பனிக்கடிக்கு, அதாவது குளிரில் தோலும் திசுவும் உறைந்துபோவதற்கு, தரப்படும் இரத்தக்கட்டி கரைக்கும் மருந்தை 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

ஹீட்டரில் கையைக் காட்டாதீர்கள். மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. பனியால் தேய்க்கச் சொன்ன அறைத்தோழரின் பேச்சையும் கேட்காதீர்கள். அந்த யோசனை இன்னும் எப்படித்தான் உயிரோடிருக்கிறதோ! தேய்த்தால் திசுதான் சிதையும்.

இனி நேர்ந்தால், வீட்டுக்குள் வந்ததும் 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் வரை விரல்களை அமிழ்த்துங்கள். உணர்வு திரும்பும்போது வலி உயிரை எடுக்கும்; பயப்படாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கையுறையில், நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் அதிகக் கதகதப்பு.