மலைத் தோட்டத்தில் மாடு கட்டினால் மிஞ்சுமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், கூக்கால் பக்கம் 2 ஏக்கர் படிக்கட்டு நிலம் எங்களுடையது. மலைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு போடுகிறோம். வருடம் 20 டன் எரு கீழ்நாட்டிலிருந்து லாரியில் வருகிறது. வாடகைதான் கையைக் கடிக்கிறது. 2 கலப்பின மாடு வாங்கினால் எருச் செலவே இருக்காது, பாலும் லாபம் என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?

பதில்: எருச் செலவு முழுக்க நிற்காது, மூன்றில் ஒரு பங்கு குறையும். நன்றாகத் தின்னும் கலப்பின மாடு ஒரு நாளில் 15 முதல் 20 கிலோ சாணம் போடும். 2 மாட்டுக்கு வருடம் 13 டன் என்று வைத்தாலும், மக்கி முடிக்கும்போது எடை பாதியாகிவிடும். மாட்டுக்குப் படுக்கையாகப் பரப்பும் புல்லையும் சேர்த்து 7 டன் தேறும். பகலில் மேய விட்டால் அதிலும் பாதி வழியில் போய்விடும்.

இந்த 7 டன்னைக் கீழ்நாட்டு விலையில் கணக்கிடாதீர்கள். வாடகையோடு உங்கள் தோட்டத்தில் இறக்கிய விலையில் போடுங்கள். மலையில் மாடு வளர்ப்பதன் பெரிய அனுகூலமே அதுதான். ஆனால் வைக்கோலும் அதே லாரியில், அதே வாடகையில் வருகிறது என்பதை மாடு வாங்கச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை.

இனி பால். “12 லிட்டர் மாடு” என்று தரகர் சொன்னால் அது உச்சக் கறவை. தினமும் அவ்வளவு கிடைக்காது. உச்சக் கறவையை 200-ஆல் பெருக்கினால் ஓர் ஈற்றின் மொத்தப் பால் ஏறக்குறைய வரும்: 2,400 லிட்டர். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் நடுவே 400 நாள் என்றால் சராசரி நாளுக்கு 6 லிட்டர்தான். அடர்தீவனம் (பிண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை) உடம்பைக் காக்க நாள் ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்று கொடுத்தால் அந்த 400 நாளில் 1,560 கிலோ ஆகும். உங்கள் ஊரில் 1 லிட்டர் பாலும் 1 கிலோ தீவனமும் ஒரே விலை என்றால், பால் காசில் மூன்றில் இரண்டு பங்கு தீவன மூட்டைக்கே போய்விடும். மீதியில் வைக்கோல், தாது உப்பு, மருந்து, காப்பீடு, ஆள் கூலி எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

நல்ல பசுந்தீவனம் தினம் 25 கிலோ சொந்தமாகக் கிடைத்தால் உடம்புக்கான அந்த ஒன்றரைக் கிலோவை நிறுத்திவிடலாம். 1,560 என்பது 960 ஆகிவிடும். லாபமா நஷ்டமா என்பது இந்த 600 கிலோவில்தான் இருக்கிறது. ஆகவே எத்தனை மாடு என்பதை எருத் தேவையை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் புல் எத்தனை மாட்டுக்குக் காணுமோ அத்தனை வாங்குங்கள்.

ஒரு மாட்டுக்கு வருடம் 9 டன் பசும்புல் வேண்டும். படிக்கட்டுச் சரிவிலும் வரப்பிலும் கிக்குயூ புல், உருளை எடுத்த பாத்தியில் தீவன ஓட்ஸ் என்று வைத்துப் பாருங்கள். 10 அடிக்கு 10 அடி அறுத்து எடை போட்டுப் பரப்பால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். பூண்டு, கேரட் போடும் நல்ல பாத்தியைப் புல்லுக்குக் கொடுத்தால் கணக்கு உதைக்கும். ஓட்ஸ் விஷயம் வேறு. உருளையின் வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான, 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்ட உருளை முட்டைக்கூடு நூற்புழுவுக்கு ஓட்ஸ் இரையாகாது. உருளைக்கு ஓய்வு கொடுக்கும் பருவத்தில் அதைப் போட்டால் தீவனமும் ஆச்சு, மண்ணில் புழுவும் குறையும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கிக்குயூ கருகி நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே புல்லை உலர்த்திக் கட்டி வையுங்கள்.

1 மாட்டோடு தொடங்குங்கள். இரண்டாவதை ஆறேழு மாதம் விட்டு வாங்கினால் இரண்டும் ஒரே சமயத்தில் வற்றிப் போகாது. பூண்டு பறிக்கிற நாளிலும் காலை, மாலை கறந்தாக வேண்டும். அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கொட்டகைக்குப் பின்னால் கருப்பாக வடிந்து ஓடும் நீரைப் பாருங்கள். அது போகிற வழியில் மட்டும் புல் கரும்பச்சையாக நிற்கும். மாட்டின் சாம்பல் சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. தினம் மூன்று நான்கு கிலோ காய்ந்த புல்லோ சருகோ படுக்கையாகப் பரப்பினால் அதை உறிஞ்சிக்கொள்ளும். காசு கொடுத்து எரு வாங்குகிறவர் இதை ஓட விடவே கூடாது.

கேள்வி: சொந்த மாட்டு எருவைத்தான் போட்டோம். கேரட் இரண்டு கவர், மூன்று கவராகப் பிளந்து வந்தது. கூடவே வெள்ளைப் புழு. எரு காரணமா? (கேத்தி வாசகர்)

பதில்: பெரும்பாலும் மக்காத எருதான் காரணம். குளிரில் எரு மெதுவாகத்தான் மக்கும். கீழே மூன்று நான்கு மாதத்தில் முடிவது இங்கே ஆறு மாதம் கேட்கும். குழியில் மழைநீர் தேங்கினால் அழுகுமே தவிர மக்காது. தரைக்கு மேல் 5 அடி அகலம், 4 அடி உயரத்தில் குவியுங்கள். அதைவிடச் சிறிதானால் சூடு ஏறாது. மேலே தகரமோ பாலிதீனோ போட்டு, மாதம் ஒரு முறை புரட்டுங்கள். நடுவில் கை விட்டால் சூடு இல்லாமல், சாண வாடை போய் மண் வாடை அடித்தால் தயார். கேரட்டுக்கு அதை ஏக்கருக்கு 12 டன் கடைசி உழவில் போடலாம். எரு பாதி மக்கியிருந்தால் முட்டைக்கோசுக்குப் போட்டுவிட்டு, அதே பாத்தியில் அடுத்த போகம் கேரட் விதையுங்கள்.

சல்லி வேரில் சிறு முடிச்சுகள் தெரிந்தால் எருவின் மேல் பழி போட வேண்டாம். அது வேர்முடிச்சு நூற்புழு.

கேள்வி: கேரட் தழை, கோசு இலை, கழித்த உருளை எல்லாம் மாட்டுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கடைசியாக மருந்து அடித்த தேதியை முதலில் பாருங்கள். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலம் தழைக்கும் பொருந்தும். கேரட் தழையை மண் போக உதறி, அரை நாள் வாட விட்டு, மற்ற புல்லோடு கலந்து போடுங்கள். கோசு இலையைக் கறந்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் பாலில் வாடை ஏறும். வெறும் வயிற்றில் நிறையத் தின்றால் வயிறு உப்பும். வேர் உருண்டு வீங்கும் கிளப் ரூட் நோய் வந்த கோசைக் கொடுக்கவே கூடாது. அதன் வித்துகள் மாட்டின் வயிற்றில் சாகாமல் சாணம் வழியாகத் திரும்பப் பாத்திக்கே வந்துவிடும். உருளையை நறுக்கித்தான் போட வேண்டும், முழுதாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். பச்சை ஏறிய கிழங்கும் உருளைச் செடியும் விஷம்.

கேள்வி: மாட்டுக்குப் பதில் முயல் வளர்த்தால்?

பதில்: இடமும் புல்லும் குறைவாக உள்ளவர்களுக்கு முயல் பொருந்தும். கொடைக்கானல் மேல்மலை மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இறைச்சி முயல்களைப் பார்க்கலாம். சினைக்காலம் ஒரு மாதம்தான், குட்டிகள் வேகமாகப் பெருகும். சிக்கல் விற்பனையில். கறி வாங்க நிரந்தரமாக ஓர் ஆள் கிடைக்கும் வரை 5 பெட்டை, 1 கிடாவுக்கு மேல் போகாதீர்கள்.