சிகாகோ ஏரிக்கரையை எந்தப் பருவத்தில் சுற்றிப் பார்ப்பது நல்லது?
கோடைதான் என்று எல்லாரும் சொல்வார்கள், என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி. மிச்சிகன் ஏரி மெதுவாகச் சூடாகி மெதுவாகவே ஆறும், அதனால் மே மாதத்தில் ஊருக்குள் வியர்க்கிற நாளில்கூடக் கரையில் குளிர்காற்று நடுக்கிவிடும். செப்டம்பரிலோ தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். கரையோரப் பாதை சுமார் 29 கிலோமீட்டர், சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். பறவை பிடிக்குமா? அப்போ மே மாதமே சரி, மான்ட்ரோஸ் முனையில் வலசை வரும் சின்னக் குருவிகள் புதர் புதராகத் தாவும். ஜனவரியில் அலை தெறித்துக் கம்பிகளில் பனி விழுதுவிட்டுத் தொங்கும், அட்லர் கோளரங்கத்துப் பக்கம் நின்றால் நகரம் முழுக்கத் தெரியும் (காது மூடாமல் போகாதீர்கள்). கரையை ஒட்டிய பனித்திட்டில் மட்டும் கால் வைக்கவே வேண்டாம், பார்க்கத் தரை மாதிரி இருக்கும், அடியில் தண்ணீர்.