கரை ஒதுங்கிய பலகையும் திறக்காத டிரம்மும்

வாசகர் கேள்வி: வணக்கம் ஐயா. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் எங்கள் ஊர். கொச்சிக்கு அப்பால் கப்பல் மூழ்கியதிலிருந்து எங்கள் கரையில் அவ்வப்போது ஏதாவது ஒதுங்குகிறது. போன வாரம் என் அண்ணன் ஒரு கட்டுப் பலகையையும், மூடி திறக்காத நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "கடலம்மை தந்தது, யாரிடம் கேட்கணும்?" என்கிறார். கப்பல்காரனுக்குத்தான் இன்சூரன்ஸ் கிடைத்துவிடுமே, எங்கள் வலையைக் கிழித்தவன் பொருள்தானே என்றும் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இது திருட்டா? இப்போது என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் டிரம். நியாய அநியாயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். அதைத் திறக்காதீர்கள், உருட்டாதீர்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. தள்ளி நின்று செல்போனில் படம் எடுங்கள். சாய்சதுர வடிவில் ஒரு லேபிளும், அதன் பக்கத்தில் 'யுஎன்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்க எண்ணும் இருந்தால் உள்ளே ஆபத்தான சரக்கு என்று பொருள். அந்த எண்ணை வைத்தே என்ன ரசாயனம் என்று அதிகாரிகள் சொல்லிவிடுவார்கள். லேபிள் உப்புத்தண்ணீரில் உரிந்து போயிருந்தால் இன்னும் அதிகமாகப் பயப்படுங்கள். 1093 (கடலோரப் பாதுகாப்புக் குழுமம்) அல்லது 112, இரண்டில் ஒன்றை இன்றைக்கே அழைத்துச் சொல்லுங்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று அண்ணன் நினைக்கலாம். 2025 மே 25 அன்று மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. அவற்றில் 12இல் கால்சியம் கார்பைடு என்று கடலோரக் காவல்படை அறிவித்தது. மாங்காயைப் பழுக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிறார்களே, அதே கார்பைட் கல்தான். தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு கிளம்பும், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. கன்டெய்னர்கள் கொல்லம், ஆலப்புழா பக்கம் ஒதுங்கத் தொடங்கியதும், 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 112க்குச் சொல்லுங்கள் என்று கேரள அரசு ஊர் ஊராக எச்சரித்தது இதனால்தான். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. கடல் கொண்டுவந்து போடும் டிரம்மில் என்ன இருக்கும் என்று கடலுக்கே தெரியாது.

சரி, பலகைக்கு வருவோம்.

அண்ணன் சொல்வது இன்று நேற்றைய நியாயமில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலபார்க் கரை வழியாகப் போன மார்க்கோ போலோ, ஏழிமலைப் பக்கத்து வழக்கம் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். வேறு துறைமுகத்துக்குக் கிளம்பிய கப்பல் வழிதவறி அங்கே வந்து சேர்ந்தால் சரக்கைப் பிடுங்கிக்கொள்வார்களாம். கடவுளே உன்னை எங்களிடம் அனுப்பிவிட்டார், ஆகவே உன் பொருள் எங்கள் பொருள் என்பது அவர்களின் வாதம். அண்ணன் கடலம்மை என்கிறார், அவர்கள் கடவுள் என்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1244 வாக்கில், ஆந்திரக் கரையில் இருக்கும் மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னர் கணபதிதேவர் ஒரு கல்வெட்டு வெட்டி வைத்தார். முன்பிருந்த அரசர்கள் புயலில் அடித்து ஒதுக்கப்பட்ட கப்பல்களின் சரக்கை எல்லாம் வலுக்கட்டாயமாக எடுத்துக்கொண்டார்கள், நாம் உரிய தீர்வையை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவோம் என்பது அதன் சாரம். உயிரைப் பணயம் வைத்துக் கடலில் வரும் வணிகர்களுக்குப் பொருள் உயிரைவிடப் பெரிது என்று காரணமும் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரன் வந்து சொல்லிக்கொடுத்த சட்டம் இது என்று யாராவது உங்களிடம் வாதாடினால் மோட்டுப்பள்ளியைக் காட்டுங்கள்.

இன்றைய சட்டமும் அதே வழிதான். கரைக்கு வந்து சேரும் மிதவைப் பொருள், கப்பலிலிருந்து வீசிய பொருள், உடைந்த கப்பலின் பாகம் எல்லாமே இந்தியாவுக்கு இறக்குமதியான சரக்காகவே கருதப்படும் என்கிறது 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. அதாவது வரி கட்டாத இறக்குமதிச் சரக்கு உங்கள் வீட்டில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, அப்படி ஒதுங்கியதை எடுத்தவர் அதற்கென அரசு நியமித்திருக்கும் அலுவலரிடம் கூடிய விரைவில் ஒப்படைக்க வேண்டும். உரியவர் ஓராண்டுக்குள் வந்து தன் பொருள் என்று நிரூபித்து, மீட்டவருக்கான கூலியையும் செலவையும் கட்டிவிட்டு எடுத்துப் போகலாம். 2025இல் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், இப்போது எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை ஒப்படைக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

மீட்டவருக்கான கூலி என்றேனே, அதைக் கவனித்தீர்களா? நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதேயில்லை. அலையில் அடித்துப் போகவிருந்த பொருளை இழுத்துக் கரையேற்றுவது குற்றமில்லை, அது கூலிக்குரிய வேலை. என்னைக் கேட்டால் நல்ல காரியமும்கூட. உங்கள் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பலகையை இழுத்து வந்தது வரைக்கும் சரி. அதை யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள் வைத்ததில்தான் சிக்கல். திருட்டா என்று கேட்டீர்கள். எடுத்ததை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், மறைத்ததை வைத்துத்தான் சொல்வேன். எடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது, திருத்திக்கொள்ள நேரமிருக்கிறது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் அண்ணனுக்கு இருக்கும் குழப்பம் எல்லாருக்கும் இருப்பதுதான். கப்பல் ஒருவருடையது, கன்டெய்னர் இன்னொருவருடையது, உள்ளே இருக்கும் சரக்கு வேறு யாரோ ஒருவருடையது. வலையைக் கிழித்தது கப்பல் கம்பெனியின் கன்டெய்னர் என்றே வைத்துக்கொண்டாலும், பலகை ஏதோ ஊரில் மரக்கடை வைத்திருப்பவருடையதாக இருக்கலாம். அவர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், பணம் கொடுத்த கம்பெனிக்கு அந்தப் பலகையின் மீது உரிமை போய்ச் சேரும். எடுக்கவில்லை என்றால் முழு நஷ்டமும் அவர் தலையில். எப்படிப் பார்த்தாலும் அது ஆளில்லாத பொருளாகிவிடாது. நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தால் டிரைவர் உள்ளே முனகிக்கொண்டிருக்கும்போதே மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இதில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பிரான்ஸ்கம். இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பகுதியில் இருக்கும் சின்னக் கடலோரக் கிராமம். 2007 ஜனவரியில் புயலில் அடிபட்ட எம்எஸ்சி நேப்போலி கப்பலை அதற்கு எதிரே ஆழமில்லாத இடத்தில் தரைதட்ட வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன, பல கரை ஒதுங்கின. செய்தி டிவியில் வந்ததும் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வேனும் டிரெய்லருமாகக் கூட்டம் வந்து குவிந்தது. புத்தம்புது பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்களைக் கூழாங்கல் கரையில் உருட்டிக்கொண்டு போனார்கள். ஒயின் பீப்பாய், வாசனைத் திரவியம், கார் உதிரி பாகம், குழந்தைகளுக்கான டயபர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளினார்கள். 28 நாளுக்குள் அரசு அலுவலரிடம் தெரிவித்துவிட்டால் குற்றமில்லை என்பது அங்கே சட்டம். அதைத் தெரிவித்தால் போதும், வைத்துக்கொள்ளலாம் என்று பலர் தங்களுக்கு வசதியாகப் புரிந்துகொண்டார்கள்.

அந்தக் கன்டெய்னர்களில் ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களும் இருந்தன. ஸ்வீடனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த தம்பதி. தங்கள் பெட்டிகளை யாரோ உடைத்துக் கிளறுவதை அவர்கள் டிவியில் பார்த்தார்கள். தேநீர்க் கோப்பைகள், கம்பளம், ஓவியங்கள், தலைமுறையாக வைத்திருந்த பொருள்கள். வேண்டாததை மணலில் எறிந்துவிட்டு, விலைபோகும் என்று தோன்றியதை மட்டும் தூக்கிப் போனார்கள். பிஎம்டபிள்யூ கம்பெனிக்கு இன்னொரு மோட்டார் சைக்கிள் செய்யத் தெரியும். அந்தக் குடும்பத்தின் பொருளை எந்த இன்சூரன்ஸ் திருப்பித் தரும்? பெட்டியை உடைக்கிறவருக்கு உள்ளே எந்த வகை இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. என் வாதத்தின் பாதி இவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு: வெளியூர்க்காரர்கள் வண்டியேற்றிப் போய்விட்டார்கள், கரையெல்லாம் கிடந்த குப்பை அந்தக் கிராமத்துக்கு மிஞ்சியது.

வலைக்கு வருகிறேன். இந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்சா 3 மூழ்கிய பிறகு கேரளத்தில் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு முதலில் அறிவித்தது 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும். கேரள அரசு உயர்நீதிமன்றத்தில் கேட்ட இழப்பீடோ 9,531 கோடி ரூபாய். இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் ஒரு கட்டுப் பலகையில் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டால் லாபம் கம்பெனிக்குத்தான். வலை கிழிந்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு, கிழிந்த வலையின் படம், வலை வாங்கிய ரசீது, அந்த நாள்களின் மீன் ஏல ரசீது, படகுப் பதிவு நகல் எல்லாவற்றையும் சேர்த்து மீன்வளத் துறையில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அந்த மனுவில் நிற்கப்போகிற ஆள் வீட்டில் சுங்கத் துறை வந்து பலகை எடுத்தது என்று ஒரு வரி பதிவானால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல ஆயுதம் வேண்டுமா?

சின்ன விஷயங்களுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. முத்திரை, எழுத்து எதுவும் இல்லாத ஒற்றைக் கட்டை, அறுந்த கயிறு, தெர்மோகோல் துண்டு இதற்கெல்லாம் யாரும் வரப்போவதில்லை. சாப்பாட்டுச் சாமான் ஒதுங்கினால் முந்திரியானாலும் தேயிலையானாலும் வாயில் வைக்காதீர்கள், விற்கவும் கூடாது. பக்கத்துக் கன்டெய்னரில் என்ன இருந்தது என்று தெரியாது. வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் பிளாஸ்டிக் குருணையை அள்ளுவது புண்ணியம்தான், ஆனால் கையுறை போட்டு, அதிகாரிகள் சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. பலகையை அறுக்கவோ இழைக்கவோ வேண்டாம், கட்டியிருப்பதையும் பிரிக்க வேண்டாம். அதில் அச்சடித்திருக்கும் எழுத்து, எண், கம்பெனி முத்திரை எல்லாவற்றையும் படமெடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில், எந்தத் தேதியில், எந்தத் துறைக்கு நேராக, எத்தனை பலகை கிடைத்தது, யார் எடுத்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். கெட்டுப்போகாமல் காப்பாற்றி வைத்திருக்கிறோம், சட்டப்படி மீட்புக் கூலி கோருகிறோம் என்ற வரியைக் கூச்சப்படாமல் சேருங்கள். கடலோரக் காவல் நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஆளுக்கொரு நகல் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள். உரிய அலுவலருக்கு அவர்கள் அனுப்பி வைப்பார்கள். அண்ணனுக்கு ஸ்டேஷன் வாசலை மிதிக்கத் தயக்கமிருந்தால் பங்குத்தந்தையையோ ஊர்க் கமிட்டித் தலைவரையோ கூட்டிக்கொண்டு போகட்டும். ஏற்கெனவே இரண்டு பலகையை அறுத்துக் கட்டிலுக்குச் சட்டம் அடித்துவிட்டார் என்றால் அதையும் மறைக்காமல் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள்.