டிராஃப்டில் முதல் இடம் கையில் இருந்தும் பேஸ்பால் அணிகள் ஏன் குறைந்த போனஸுக்கு வரும் பையனை எடுக்கின்றன? இது கஞ்சத்தனம் இல்லையா?

கஞ்சத்தனம் இல்லை. இருக்கிற பணத்தைப் பிரித்துச் செலவழிக்கும் விதம் அது. டிராஃப்ட் என்றால் அமெரிக்க பேஸ்பால் அணிகள் வருடத்துக்கு ஒருமுறை ரவுண்டு ரவுண்டாக, வரிசைப்படி இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது. எடுத்தவர் கையெழுத்துப் போடக் கொடுக்கும் தொகைதான் போனஸ். நான் இருப்பது ஹூஸ்டன் பக்கம், அதனால் ஆஸ்ட்ரோஸ் அணியை வைத்தே சொல்கிறேன். நல்லதும் கெட்டதுமாக இந்த விஷயத்தின் இரண்டு முகமும் அங்கேயே இருக்கிறது.

2011 வரை டிராஃப்ட் போனஸுக்குக் கறாரான உச்சவரம்பு கிடையாது. அந்த வருடம் பிட்ஸ்பர்க் அணி கெரிட் கோலுக்கு 80 லட்சம் டாலர் கொடுத்தது. இரண்டாம் ரவுண்டில் எடுத்த ஜாஷ் பெல்லுக்கு 50 லட்சம். பெல், "நான் காலேஜுக்குத்தான் போகப் போகிறேன், என்னை எடுக்காதீர்கள்" என்று முன்கூட்டியே கடிதம் எழுதிய பையன். பணம் அவன் மனதை மாற்றியது.

2012-இல் விதி மாறியது. முதல் 10 ரவுண்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தொகை குறித்துவிடுகிறார்கள். அதற்கு ஸ்லாட் என்று பெயர். ஒரு அணியின் ஸ்லாட்டுகளையெல்லாம் கூட்டினால் வருவதுதான் அதன் பட்ஜெட். அதை யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது என்பது அணியின் இஷ்டம். மொத்தம் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 75 சதவீதம் வரி. 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த முதல் ரவுண்டுத் தேர்வும் போய்விடும். வரி கட்ட அணிகள் தயங்குவதில்லை. தேர்வை இழக்கத்தான் யாருக்கும் மனசு வராது.

அந்த முதல் வருடமே ஹூஸ்டனுக்கு முதல் தேர்வு. ஸ்லாட் 72 லட்சம் டாலர். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த 17 வயது கார்லோஸ் கொரெயாவை எடுத்து 48 லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். மிச்சம் 24 லட்சம். அந்த மிச்சம் எங்கே போனது என்று பாருங்கள். 41-ஆவது தேர்வு லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு ஸ்லாட்டைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 25 லட்சம். நாலாம் ரவுண்டில் ரியோ ரூயிஸுக்கு 18.5 லட்சம். இரண்டு பேருமே பள்ளிக்கூடப் பையன்கள், காலேஜ் இடம் கையில் இருந்தது. ஸ்லாட் பணத்தை நீட்டியிருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2017-இல் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசி நாலு இன்னிங்ஸ் வீசி முடித்தவர் மெக்கல்லர்ஸ். கடைசி 24 பந்துகளும் கர்வ்பால், அதாவது வளைந்து இறங்கும் பந்து. அடுத்து என்ன வரும் என்று அடிப்பவருக்குத் தெரியும், அரங்கத்துக்கே தெரியும், ஆனாலும் அடிக்க முடியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கும். ரூயிஸ் ஹூஸ்டனுக்காக ஆடவே இல்லை. 2015 ஜனவரியில் அவரையும் இன்னும் இரண்டு இளைஞர்களையும் அட்லான்டாவுக்குக் கொடுத்துத்தான் இவான் கேட்டிஸை வாங்கினார்கள். கேட்டிஸும் அந்த 2017 அணியில் இருந்தார். பெரிய அணிகளுக்காக இளைஞர்களைப் பழக்கும் மைனர் லீக் அணிகளை இங்கே பண்ணை என்பார்கள். எனக்கு அது நாற்றங்கால் மாதிரி. எல்லா நாற்றும் நம் வயலிலேயே வளரவேண்டியதில்லை, பக்கத்து வயலுக்குக் கொடுத்தும் வேண்டியதை வாங்கலாம்.

சரி, அந்தப் பக்கக் கதை. 2014-இல் மறுபடி ஹூஸ்டனுக்கு முதல் தேர்வு. பிராடி ஐக்கென் என்ற இடது கை பிட்சரோடு (பந்து வீசுபவர்) 65 லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநாரைப் பார்த்து அணி தொகையைக் குறைத்தது, பையன் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்து இல்லையென்றால் அந்த ஸ்லாட் பணம், சுமார் 79 லட்சம், பட்ஜெட்டிலிருந்தே காணாமல் போய்விடும். அதில் மிஞ்சியதை நம்பித்தான் ஐந்தாம் ரவுண்டில் ஜேக்கப் நிக்ஸ் என்ற இன்னொரு பையனுக்கு 15 லட்சம் பேசியிருந்தார்கள். அவனுக்குக் கையில் ஒரு குறையும் இல்லை, ஒரு தவறும் செய்யவில்லை. அடுத்தவன் பேச்சு முறிந்ததால் இவன் பணமும் போனது. பட்ஜெட் கணக்குப் பேசும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான்: அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது 18 வயதுப் பிள்ளைகள், வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்ட பிள்ளைகள். நிக்ஸ் 2018-இல் சான் டியகோவுக்காகப் பெரிய லீகில் இறங்கியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐக்கெனை விட்டதற்கு ஈடாக 2015-இல் ஹூஸ்டனுக்கு இரண்டாம் தேர்வு கிடைத்தது. அதில் வந்தவர் அலெக்ஸ் பிரெக்மன். அதே வருடம் 37-ஆவது இடத்தில் டாஸ் கேமரனுக்கு 40 லட்சம் கொடுத்தார்கள். 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் பிட்சர் ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கக் கொடுத்த மூன்று பேரில் அந்த கேமரனும் ஒருவர்.

2017-இல் ஹூஸ்டன் வென்ற உலகத் தொடர் (இறுதித் தொடர்) கோப்பையின் மேல் சைகை திருடிய கறை இருக்கிறது. எந்தப் பந்து வீசுவது என்று எதிரணி காட்டிக்கொள்ளும் சைகையைக் கேமராவில் பார்த்து, அடிக்கும் தங்கள் ஆளுக்குச் சொல்லிவிட்டார்கள். அதை மறைத்துப் பேசக்கூடாது. 50 லட்சம் டாலர் அபராதத்தோடு 2020, 2021 இரண்டு வருடத்தின் முதல் இரண்டு ரவுண்டுத் தேர்வுகளையும் பறித்தார்கள். அபராதத்தைவிடத் தேர்வு போனதுதான் பெரிய அடி. தேர்வு போனால் அதன் ஸ்லாட் பணமும் போகும். அப்படியும் அணி படுத்துவிடவில்லை என்றால், அதற்கு முன்பே நட்டு வைத்திருந்த நாற்றுகள்தான் காரணம். கொரெயா விலகியதும் அந்த இடத்துக்கு வந்த ஜெரெமி பெனா 2018-இல் மூன்றாம் ரவுண்டில் எடுத்தவர். 2022 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அதே தொடரில் வீசிய ஃப்ராம்பர் வால்டெஸ் டிராஃப்டுக்கே வராத டொமினிக்கன் நாட்டுக்காரர். வெறும் 10,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர்.

இன்னொன்று. ஆறிலிருந்து பத்தாம் ரவுண்டு வரை பெயரே கேள்விப்படாத காலேஜ் கடைசி வருடப் பையன்கள் வருவார்கள். படிப்பு முடியப்போகிறது, பேரம் பேச வழியில்லை, சில ஆயிரம் டாலருக்கு ஒத்துக்கொள்வார்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் காசுதான் மேலே ஒரு பள்ளிக்கூடப் பையனை வளைக்கிறது.

எங்கள் பக்கம் சுகர்லேண்டில் ஆஸ்ட்ரோஸின் டிரிபிள்-ஏ அணி, அதாவது மைனர் லீக்கின் மேல்மட்ட அணி, ஆடுகிறது. டிக்கெட் விலை குறைவு, வெயில் தாழ்ந்த பிறகு போய் உட்காருவேன். அப்படி ஒருநாள் எனக்கு முன்வரிசையில் ஒரு குடும்பம். பிட்சர் மேட்டில் மகன் நிற்க, அப்பா ஒவ்வொரு பந்துக்கும் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். அம்மா பந்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் திரும்பி, வேகம் குறிக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்த மற்ற அணிகளின் ஆட்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இப்படி ஒரு குடும்பம் இருக்கும். அதனால் அடுத்த ஜூலையில் டிராஃப்ட் நடக்கும்போது முதல் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். கையெழுத்துகள் முடிந்த பிறகு பத்து ரவுண்டுத் தொகையையும் வரிசையாக எழுதி, ஸ்லாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அணி யாரை மனதில் வைத்து மிச்சம் பிடித்தது என்பது அதில் தெரிந்துவிடும்.