ஈஸ்ட் ஹாமில் இருக்கும் தங்கச்சிக்கு

மாஸ்டர்ஸ் படிக்க வந்திருக்கிறீர்கள், தங்கியிருப்பது லண்டனின் ஈஸ்ட் ஹாமில், தெருவில் பாதிக் கடைகளில் கல்லாவில் நம் ஆட்கள். ஆணுறை எங்கே வாங்குவது, கிளினிக்குக்குப் போனால் விசாவுக்கோ வீட்டுக்கோ தெரியவருமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, தங்கச்சி. கேட்கக் கூச்சப்பட்டே ஆபத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

முதலில், காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பாலியல் நல கிளினிக்குகளில் ஆணுறை இலவசம். பல பல்கலைக்கழகங்களின் மாணவர் சங்க அலுவலகத்திலும் தருவார்கள். 24 வயது வரை உள்ளவர்களுக்குப் பல ஊர்களில் சி-கார்ட் என்ற திட்டம் உண்டு. ஒருமுறை பதிந்துகொண்டால் அப்புறம் அட்டையைக் காட்டினால் போதும். கடையில்தான் வாங்குவீர்கள் என்றால், பெரிய சூப்பர் மார்க்கெட்டில் நீங்களே ஸ்கேன் செய்து பணம் கட்டும் இயந்திரம் இருக்கிறது. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

பயம் விசாவைப் பற்றித்தானே? பால்வினை நோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இங்கிலாந்தில் எந்த விசாவில் இருப்பவருக்கும் இலவசம். எச்ஐவியும் அதில் அடக்கம். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் ஜிபிக்குக்கூட (குடும்ப மருத்துவருக்கு) சொல்ல மாட்டார்கள்; ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு எப்படிப் போகும்?

"பையன் கொண்டுவரட்டும்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் உடம்பு, உங்கள் கைப்பையிலும் ஒன்று இருக்கட்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் கூடவே கூடாது, ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் கிழிந்துவிடும். நீர் சார்ந்த லூப்ரிகன்ட்தான் (வழவழப்புக்கான ஜெல்) சரி; அதையும் பல கிளினிக்குகளில் சும்மாவே தருவார்கள்.

ஆணுறை கிழிந்துவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம், அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போங்கள். அவசரக் கருத்தடை மாத்திரையில் ஒரு வகையை உறவுக்குப் பின் 3 நாள் வரை, இன்னொன்றை 5 நாள் வரை எடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 2025 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தின் பெரும்பாலான மருந்துக்கடைகளில் அது இலவசம். தனியறையில் பேச வேண்டும் என்று கேட்டால் உள்ளே அழைத்துப் பேசுவார்கள். எச்ஐவி பயம் இருந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கிளினிக் மூடியிருந்தால் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கிளினிக்கில் பெண் நர்ஸ்தான் வேண்டும் என்றால் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.